நெசவாளரைக் காப்பாற்றுவது எப்படி? ஆத்தூர் வட்டத்துக்கான எளிய கையேடு

நெசவாளர் மேல் அக்கறை இல்லாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. அமைச்சருக்கு உண்டு, அதிகாரிக்கு உண்டு, ஆகஸ்ட் மாதம் மட்டும் காட்டன் சேலை கட்டி வரும் வங்கி மேலாளருக்கு உண்டு, உங்களுக்கும் உண்டு. அக்கறையில் குறை சொல்ல முடியாது. முறைதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. சிலர் அவசரப்பட்டுக் கூலியை உயர்த்திக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் சொன்ன விலைக்கே சேலை வாங்கிவிடுகிறார்கள். இப்படியே போனால் தறி நிற்காமல் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் நாம் யாரை ஆதரிப்பது?

அந்த விபத்து நேராமல் இருக்கத்தான் இந்தக் கையேடு. செய்முறைப் பயிற்சிக்குத் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். எல்லா வசதியும் உள்ள இடம். இந்த வட்டத்தில்தான் சின்னாளபட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் 'சின்னாளபட்டி சேலை' என்று சொன்னால் ஊர் பேரை விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே காந்திகிராமம், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் கிராமப் பணிக்கென்று தொடங்கிய இடம். திண்டுக்கல்லைத் தாண்டி வேடசந்தூர் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் நூற்பாலைகள். நூல் ஒரு பக்கம், தறி ஒரு பக்கம், கூப்பிடு தூரத்தில் காந்தி. இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்?

கீழே உள்ளவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் கற்றுக்கொண்டால் போதும்.

1. மாவட்டத்தின் பெயரை எழுதாதீர்கள்

சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒன்று உண்டு. கோப்பில் 'ஆத்தூர் நெசவாளர்கள்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது சேலம் போய், 'இங்கே இல்லை' என்ற குறிப்போடு திரும்பும்போது மார்ச் 31 தாண்டியிருக்கும். பணம் கருவூலத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த ஆண்டு புதிதாக அறிவிக்கலாம். அறிவிப்புக்கு அறிவிப்பும் ஆயிற்று, செலவும் இல்லை.

2. நாள் ஒன்றைக் குறியுங்கள்

நல்லவேளை, நாளை நீங்கள் தேட வேண்டாம். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதை நினைவில் வைத்து 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். முதல் விழாவே சென்னையில்தான் நடந்தது.

மேடை போடுங்கள். 'கைத்தறி ஆடை அணிவோம்' என்று கொட்டை எழுத்தில் ஃபிளெக்ஸ் அடியுங்கள். துணியில் எழுதினால் செலவு அதிகம், பெயின்டர் வேறு வேண்டும். மூத்த நெசவாளர் ஒருவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வாழ்த்துரைகள் முடிந்து அவர் முறை வரும்போது மணி ஒன்றாகியிருக்க வேண்டும். இப்போது பொன்னாடை.

பொன்னாடைத் தேர்வில் கவனம் தேவை. கடைத்தெருவில் பாலித்தீன் உறைக்குள் மடித்து வைத்து, டஜன் கணக்கில் விற்பார்களே, மஞ்சளோ ஊதாவோ, ஓரத்தில் பளபளப்பாக ஜரிகை மாதிரி ஒன்று ஓடுமே, அதுதான் சரியானது. முழுக்கப் பாலியஸ்டர், விசைத்தறியில் ஓடியது. அதை அவர் தோளில் போர்த்துங்கள். அவர் தன்னை அறியாமல் அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவை தேய்த்துப் பார்ப்பார். நாற்பது வருடம் ஊடை ஓட்டிய கை, சும்மா இருக்காது. "இது மிஷின் துணிங்க சார்" என்று மெதுவாகச் சொல்வார். மைக் அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தறி வீட்டுக்குப் போவது. ஒளிப்படக்காரர் முன்னால் போய் இடம் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழித்தறியில் உட்காருங்கள். குழிக்குள் தொங்கும் காலுக்கு எந்த மிதியை மிதிப்பது என்று தெரியாது. ஏதாவது ஒன்றை மிதியுங்கள். கைக்கயிற்றைப் படத்துக்காக வேகமாக ஒரு இழு. நாடா பாவின் பாதியில் போய்ச் சிக்கி நிற்கும். பத்துப் பதினைந்து இழை அறும். "அருமை சார், இந்தப் பக்கம் பாருங்க" என்பார் ஒளிப்படக்காரர்.

நீங்கள் கிளம்பிய பின் நெசவாளர் குனிந்து உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சில் இழுத்து, முடிபோடுவார். அன்றைய மதியம் அதிலேயே போகும். அதற்குக் கூலி கிடையாது; கூலி சேலைக்குத்தான், முடிச்சுக்கு இல்லை. போகட்டும், மறுநாள் செய்தித்தாளில் உங்கள் பின்னால் அவருடைய அரைமுகம் வந்திருக்கும்.

3. வாரியத்தைக் கலையுங்கள், முத்திரை குத்துங்கள்

நாள் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்வது தொடக்கநிலை மாணவர்களின் வேலை. தேர்ந்தவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று பாருங்கள். அகில இந்தியக் கைத்தறி வாரியம் என்று ஒன்று இருந்தது. நெசவாளர் பிரதிநிதிகள் அரசோடு பேச ஓர் இடம். 2020 ஜூலை 27 அன்று அது கலைக்கப்பட்டது. பதினோரு நாள் கழித்துக் கைத்தறி தினம் வழக்கம்போல் வாழ்த்துகளோடு கொண்டாடப்பட்டது. கேட்பவர் வாயை மூடிவிட்டு வாழ்த்துச் சொன்னால் வாழ்த்து எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!

வாரியம் போன இடத்தை முத்திரைகளால் நிரப்புங்கள். 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. 2015-ல் 'இந்தியா ஹேண்ட்லூம்' என்ற இன்னொரு முத்திரை வந்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வாங்கும்வரை ஓடுங்கள், வாங்கியதும் உட்கார்ந்துவிடுங்கள். கை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிய சேலைக்கும், திரை அச்சில் புள்ளி வைத்த சேலைக்கும் கடைக்காரர் ஒரே பெயரைச் சொல்லி விற்பார். நீங்களும் விலை குறைந்ததைக் காட்டி, "இதே சுங்குடிதானே?" என்று கேட்பீர்கள்.

4. விலையைக் குறையுங்கள்

ஆதரவுத் திட்டங்களிலேயே அழகானது தள்ளுபடி. கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு சேலை 1,000 ரூபாய். 20 சதவீதத் தள்ளுபடி போக 800 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மீதி 200 ரூபாயை அரசு தருகிறது. யாருக்கு மிச்சம்? உங்களுக்கு. நெசவாளருக்கு அந்தச் சேலைக்கு எவ்வளவு கூலியோ அதேதான், தள்ளுபடிக்கு முன்னாலும் பின்னாலும். இதற்குப் பெயர் நெசவாளர் நலத் திட்டம்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தள்ளுபடியைக் கல்லாவில் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அரசு அந்த 200 ரூபாயைப் பிறகு தரும். 'பிறகு' எவ்வளவு நீளுமோ அவ்வளவு நேரம் சங்கத்தின் பணம் முடங்கிக் கிடக்கும். கையில் காசு இல்லாத சங்கம் நூல் வாங்காது. நூல் இல்லாவிட்டால் பாவு கிடையாது. "அடுத்த வாரம் வாங்க, பாவு தர்றோம்" என்று செயலாளர் சொல்வார். ஆக, சேலை நன்றாக விற்கும் தீபாவளிக்குப் பிறகுதான் நெசவாளருக்கு வேலை இருக்காது. விற்பனை கூடினால் வேலை குறையும் என்ற இந்தப் பொருளாதாரத்தை எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

கைத்தறித் துணி விற்கும் கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தொடங்கிய நிறுவனம். பண்டிகைக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்தால்தான் உள்ளே போக வேண்டும் என்று மூன்று தலைமுறையாக வாடிக்கையாளரைப் பழக்கியிருக்கிறோம். மற்ற மாதங்களில் அங்கே மின்விசிறி காற்று நன்றாக வரும். தள்ளுபடி அதிகமாகிவிட்டதோ என்று கவலைப்படாதீர்கள்; 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கைத்தறித் துணிக்கும் 5 சதவீதம் போட்டாயிற்று. வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாமல் இருக்கலாம், எடுத்ததை அறியும்.

5. நூலைப் பக்கத்தில் வைத்து, கைக்கு எட்டாமல் வையுங்கள்

கைத்தறிக்கு வேண்டியது சிட்டம், அதாவது கற்றையாகச் சுற்றிய நூல். ஆலைகளுக்கும் விசைத்தறிக்கும் வேண்டியது கோன் நூல். ஆலை முதலாளிக்குக் கோன் சுற்றுவது லாபம், சிட்டம் போடுவது தொல்லை. அதனால்தான் ஆலைகள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் 50 சதவீதத்தைச் சிட்டமாகவே தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். விதி என்று ஒன்று இருந்தால் தளர்த்துவதுதான் நம் வேலை. 2003-ல் 40 ஆக்கினோம். 2019-ல் 30 ஆக்கினோம். ஒரேயடியாக எடுத்தால் கூச்சல் வரும், பத்துப் பத்தாக எடுத்தால் யாருக்கும் வலிக்காது.

வேடசந்தூரில் நூற்ற நூல் லாரியில் ஏறித் திண்டுக்கல் புறவழிச்சாலையில் போவதைச் சின்னாளபட்டிக்காரர் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அது எங்கெங்கோ போய், யார் யார் கையிலோ மாறி, விலையும் ஏறித் திரும்பி வரும். அதற்கு 15 சதவீதம் மானியம் கொடுங்கள். 2021-22 முதல் மத்திய அரசின் மூலப்பொருள் வழங்கும் திட்டத்தில் அப்படி உண்டு, இத்தனை கிலோ வரை என்ற வரம்போடு. நூல் விலை ஒரே பருவத்தில் மானியத்தைத் தாண்டி ஏறினால் அது பஞ்சின் குற்றம், திட்டத்தின் குற்றமில்லை. சுற்றறிக்கையில் அப்படித்தான் எழுத வேண்டும்.

6. சட்டம் போடுங்கள், பிறகு தூங்குங்கள்

1985-ல் நாடாளுமன்றம் ஒரு நல்ல சட்டம் செய்தது. குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம், விசைத்தறியில் நெய்யக்கூடாது. சேலை, வேட்டி, லுங்கி, துண்டு, ஜமுக்காளம் என்று 22 வகை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். ஆலைக்காரர்களும் விசைத்தறிக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1993-ல் சட்டம் செல்லும் என்றது.

நெசவாளர் ஜெயித்துவிட்டாரே என்று பதற வேண்டாம். 1996-ல் 22 வகையை 11 ஆக்கியாயிற்று. மீதி 11-க்கும் ஆய்வாளர் வேண்டும், வண்டி வேண்டும், வண்டிக்கு டீசல் வேண்டும். ஆய்வாளர் பணியிடத்தைக் காலியாக வைத்திருங்கள், சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கும். ஜவுளிக்கடையில் 'கைத்தறிச் சேலை' என்று அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்து, பின்பக்கம் திருப்பி, ஓரத்தைப் பார்த்து, எந்தத் தறி என்று கேட்கும் வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமலே இருங்கள்.

சட்டத்தை மீறாமலே மீறுவதற்கும் வழி உண்டு. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை ஒட்டி ஒரு யோசனை எழுந்தது. கைத்தறி என்பதற்கான விளக்கத்தையே மாற்றிவிடலாம், நெசவின் ஏதாவது ஒரு வேலையாவது மனிதக் கையால் நடந்தால் அந்தத் தறியையும் கைத்தறி எனலாம் என்று. மோட்டார் ஓட்டுகிற தறிக்கு மனிதன் சுவிட்சைப் போடுகிறானே, அது கை இல்லாமல் காலா? நெசவாளர்கள் எதிர்த்ததால் நடக்கவில்லை. யோசனையைத் தூக்கி எறியாதீர்கள். நல்ல யோசனைகளுக்கு அழிவே கிடையாது, பரணில் கிடக்கும்.

7. மின்சாரம் இல்லாத தறிக்கு மின்சாரம் கொடுங்கள்

தமிழ்நாடு அரசு 2023-ல் இலவச மின்சாரத்தை உயர்த்தியது. இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 200 யூனிட் இருந்தது 300 ஆயிற்று, விசைத்தறிக்கு 750 இருந்தது 1,000 ஆயிற்று. கைத்தறி நெசவாளருக்கு இது ஒரு பல்பு, ஒரு விசிறி. போட்டியாளருக்கு இது தறி ஓடும் சக்தி. இருவரையும் ஒரே அரசாணையில் வாழ்த்துங்கள்.

(இடையில் ஒன்று. விசைத்தறிக்காரரை வில்லனாக்க இந்தக் கையேடு விரும்பவில்லை. நாலு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவருக்கும் இரவில் தூக்கமில்லை, அவர்களில் பலருடைய அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர்தான். இரண்டு ஏழைகளை ஒரே சந்தையில் மோதவிட்டு நடுவில் நின்று கைதட்டுவதே நமக்குக் கிடைத்த பணி.)

பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை கொடுக்கிறோம். 1983-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கியது. ஏழைக்குத் துணி, நெசவாளருக்கு வேலை என்று இரட்டை நோக்கம். இப்போது ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் சேலை, கிட்டத்தட்ட அதே அளவு வேட்டி. பெரும்பகுதி விசைத்தறியில் ஓடுகிறது. 'நெசவாளர்' என்ற சொல்லில் இருவரும் அடக்கம் என்பதால் நோக்கம் பழுதில்லாமல் நிறைவேறுகிறது.

8. வீட்டுப் பெண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

இது மிக முக்கியமான படி. இதில் சறுக்கினால் மற்ற எல்லாப் படியும் வீண்.

தறி வீட்டுக்குள் போனால் தறியில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் பாருங்கள். அவருக்குப் பின்னால், சமையலறை வாசற்படியில், ராட்டையைச் சுற்றித் தாருக்கு நூல் ஏற்றிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்க்காதீர்கள். அவர் ஏற்றிக் கொடுத்த தார் தீர்ந்தால் நாடா நிற்கும். அடுப்பில் உலை, கையில் ராட்டை, காது தறிச்சத்தத்தில். சத்தம் நின்றால் இழை அறுந்ததா, தார் தீர்ந்ததா என்று பார்க்காமலே தெரியும் அவருக்கு. புதுப் பாவு வந்தால் பழைய பாவின் நுனியோடு புதியதை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். பல ஆயிரம் இழை. எச்சில் தொட்டு, சாம்பல் தொட்டு, விரலிடுக்கில் முறுக்கி முறுக்கி, ஒரு முழுநாளும் போகும். அதற்கெல்லாம் தனிக்கூலி என்று பேச்சு வரும்போது பேச்சை மாற்றுங்கள்.

சேலைக்கு ஒரு கூலி. அதை வாங்குவது ஒருவர். உழைப்பது இருவர், சில வீட்டில் மூவர். இரண்டால் வகுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் யாருக்காவது இருந்தால் திருத்துங்கள். வகுத்தால், நூறு நாள் வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டு அம்மாவின் சம்பளம் கண்ணை உறுத்தும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். அதே கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. குடும்பத்துக்கு 5,000, ஆளுக்கு இல்லை. இந்த எண்ணை மேடையில் சொல்லாதீர்கள். 'நம் பாரம்பரியத்தின் காவலர்கள்' என்று சொல்லுங்கள், கைதட்டல் கிடைக்கும்.

9. கடன் கொடுங்கள், பெரிய பணத்தைப் பெரியவர்களுக்கு வையுங்கள்

நெசவாளருக்கு 6 சதவீத வட்டியில் முத்ரா கடன் உண்டு. கூலிக்கு நெய்கிறவருக்குக் கடன் எதற்கு என்று கேட்காதீர்கள். அவருக்குத் தேவை அடுத்த பாவும் உரிய கூலியும்தான், ஆனால் அவை இரண்டும் நம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். கடன் நம் கையில் இருக்கிறது. வங்கியில் அடையாள அட்டை, ஆதார், சங்கத்தின் கடிதம், இரண்டு படம், பிறகு 'சர்வர் டவுன்'. மூன்றாம் முறை வரும்போது மேலாளர் மாறியிருப்பார்.

ஜவுளித் துறைக்கு உண்மையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று நெசவாளருக்குத் தெரிய வேண்டாம். 1999-ல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வந்தது; ஆலைகளும் விசைத்தறிகளும் புது இயந்திரம் வாங்க வட்டியில் சலுகை. 2021-ல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத் திட்டம் வந்தது. செயற்கை இழைத் துணிக்கும் தொழில்நுட்பத் துணிக்கும் 10,683 கோடி ரூபாய். விருதுநகரில் மாபெரும் ஜவுளிப் பூங்கா வருகிறது. இவை நல்ல திட்டங்களாகவே இருக்கலாம். சின்னாளபட்டி நெசவாளரும் ஊக்கத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை, குறைந்தபட்ச முதலீடு; திட்டம் வந்தபோது அது 100 கோடி. தறிக்குழிக்குள் கையை விட்டுத் துழாவினால் கிடைக்கலாம்.

10. தேர்தலுக்காகக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

நெசவாளர் துயரத்தை ஒரேயடியாகத் தீர்ப்பது தொலைநோக்கு இல்லாதவர்கள் செய்கிற வேலை. முன்னோர்கள் எவ்வளவு பக்குவமாக அதைக் கையாண்டார்கள் என்று பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் துணி தேங்கி நெசவாளர் தெருவுக்கு வந்தார்கள். முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று டெல்லியைக் கேட்டார். திமுகவினர் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணா திருச்சியில் விற்றார். மத்திய அரசு 1953-ல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை வீதம் (பை என்றால் ஓர் அணாவில் பன்னிரண்டில் ஒன்று) வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் திருப்பியது. ஆலையிலிருந்து எடுத்துத் தறிக்குக் கொடுப்பது! அந்தக் காலத்து ஆட்கள் கொஞ்சம் விவரமில்லாதவர்கள்.

பிற்காலத்தில் தேறிவிட்டோம். 2000-களின் தொடக்கத்தில் நெசவாளர் ஊர்களில் பட்டினி வந்தபோது எதிர்க்கட்சியான திமுக கஞ்சித் தொட்டி திறந்தது. அது அவமானம் என்று கருதிய ஆளும் அதிமுக பதிலுக்குப் பிரியாணி போட்டது. கஞ்சியா பிரியாணியா என்று ஊரே பேசியது. கூலியைப் பற்றிய பேச்சு எழவேயில்லை. நிகழ்ச்சி மேலாண்மை படிக்கும் மாணவர்கள் இதைப் பாடமாக வைக்கலாம்.

இன்றைக்குக் கஞ்சி வேண்டாம், காணொளி போதும். தறியில் உட்கார்ந்து முப்பது விநாடி. மிதியை மிதிக்கும் கால் தெரிய வேண்டும். கால் யாருடையது என்பது முக்கியமில்லை.

11. கடைசியாக நீங்கள், வாடிக்கையாளர்

அரசை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு குறைந்துபோகும். சின்னாளபட்டிக்கே நேரில் போங்கள். சேலை விலை சொன்னதும் "இவ்வளவா?" என்று அதிருங்கள். திருப்பூர் பனியன் விலையோடு ஒப்பிடுங்கள். "நேரா தறிக்கே வந்துட்டோமே, கடைக்காரன் லாபத்தைக் கழிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் கழிப்பார். அதன் பிறகு கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். "ஐயா, மூணு நாள் உட்கார்ந்து நெஞ்சதுங்க" என்பார். அந்த வாக்கியத்தை உங்கள் பதிவில் போட்டுக்கொள்ளலாம், நெகிழ்ச்சியாக இருக்கும். ஐந்நூறு ரூபாய் குறைத்து வாங்கியதை மட்டும் பதிவில் எழுத வேண்டாம். திரும்பும் வழியில் திண்டுக்கல்லில் பிரியாணிக்கு உட்கார்ந்து, பில் எவ்வளவு என்று பார்க்காமல் கொடுங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

'நெசவாளர் மகன் தறியில் உட்கார மறுக்கிறானே, என்ன செய்வது?' ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் வேடசந்தூர் பக்கம் ஆலைக்கோ திருப்பூருக்கோ போய் மாதச் சம்பளம் வாங்கட்டும். நீங்கள் மட்டும், 'இளைய தலைமுறை பாரம்பரியத்தை மறந்துவிட்டது' என்று கட்டுரை எழுதுங்கள். உங்கள் மகனைத் தறியில் உட்கார வைப்பீர்களா என்று வாசகர் கடிதம் வந்தால் ஆசிரியர் போட மாட்டார்.

'மழைக்காலத்தில் குழித்தறிக் குழியில் ஈரம் ஏறிப் பாவு தளர்கிறது, வாரக்கணக்கில் வேலை இல்லை, நிவாரணம் உண்டா?' கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மழை நின்றதும் முடிவெடுக்கப்படும்.

'இத்தனை செய்தும் சிலர் இன்னும் நெய்கிறார்களே?' பொறுமை. முறை வேலை செய்கிறது. 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 43.31 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து ஆண்டில் 35.22 லட்சம் ஆக்கிவிட்டோம்.

கையேட்டில் சேராத ஒரு வழியும் உண்டு, எச்சரிக்கைக்காகச் சொல்லி வைக்கிறோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் நகரப் பேருந்து ஏறினால் சின்னாளபட்டி பக்கம்தான். தள்ளுபடி இல்லாத ஒரு மாதத்தில், விழா இல்லாத ஒரு நாளில் போய், தறியில் நெய்தது எது என்று கேட்டு, சொன்ன விலையை எண்ணிக் கொடுத்து, ஒரு சேலை வாங்கி வரலாம். போகிற வழியில் உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தால், சங்கத்துக்கு வர வேண்டிய தள்ளுபடி பாக்கி எவ்வளவு என்றும், கூலி கடைசியாக எப்போது உயர்ந்தது என்றும் கேட்கலாம். இரண்டையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. செய்தால் பொறுப்பு உங்களுடையது.